மின்ஜியாங் ஆற்றின் போக்கிலே

சீனாவுக்கு முதல்முறை செல்பவர்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் பெய்ஜிங், சியான், ஷாங்காய் என்ற மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறது. பெருஞ்சுவரையும் சுடுமண் படைவீரர்களையும் பார்த்துவிட்டு ஷாங்காயின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு முன்னால் நிற்கும்போது, பழைய சீனா என்று ஒரு நாடும் புதிய சீனா என்று வேறொரு நாடும் இருப்பதாகவும், இரண்டுக்கும் நடுவே தொடர்பு அறுந்துவிட்டதாகவும் தோன்றுவது இயல்புதான். எனக்கு அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆகவே நகரங்களை வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, தென்மேற்கிலுள்ள சிச்சுவான் மாகாணத்தில் ஓர் ஆற்றைத் துணையாகக் கொண்டு, அது மலையை விட்டு இறங்கும் இடத்திலிருந்து யாங்சியோடு கலந்து கிழக்கே ஓடும் இடம் வரை செல்வது என்று முடிவு செய்தேன்.

அந்த ஆறு மின்ஜியாங். சிச்சுவானின் வடக்கு மலைகளில் பிறந்து, தெற்கு நோக்கி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, யீபின் நகரில் யாங்சியின் மேற்பகுதியான ஜின்ஷா ஆற்றோடு சேர்கிறது. அந்தக் கூடலுக்குக் கீழேதான் யாங்சியைச் சீனர்கள் ‘சாங்ஜியாங்’, அதாவது நீண்ட ஆறு, என்று அழைக்கத் தொடங்குகிறார்கள். இன்று இதை யாங்சியின் கிளையாறு என்கிறோம். ஆனால் நெடுங்காலம் இதுவே யாங்சியின் மூலம் என்று பழைய நூல்களைச் சான்றாக வைத்து நம்பிவந்தார்கள். மூலம் ஜின்ஷா ஆறுதான் என்று பதினேழாம் நூற்றாண்டில் வாதிட்டவர் ஷூ சியாகே என்னும் நாடோடிப் பயணி. தன் கால்களால் நடந்து பார்த்ததை மட்டும் நம்பிய அந்த மனிதர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

செங்டு நகரிலிருந்து அரைமணி நேர ரயில் பயணத்தில் டுஜியாங்யான் வந்துவிடுகிறது. கிமு 256 வாக்கில், சின் அரசின் கீழ் இந்தப் பகுதியின் ஆளுநராக இருந்த லி பிங் என்பவர் தொடங்கிய பாசன அமைப்பு இங்கே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அருகிலுள்ள சிங்செங் மலையோடு சேர்த்து இதை உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ அறிவித்தது. ‘பழங்கால அணை’ என்று கேள்விப்பட்டு வருபவர்கள் முதலில் சற்று ஏமாறக்கூடும், ஏனென்றால் ஆற்றை மறித்து நிற்கும் அணை எதுவும் இங்கே இல்லை. உயரமான சுவரோ தேங்கிய நீரோ கிடையாது. மலையிலிருந்து வேகமாக இறங்கிவரும் ஆறும், அதன் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு கரையும், பாறையில் வெட்டப்பட்ட ஒரு குறுகிய வாயும் மட்டுமே கண்ணில் படுகின்றன. அமைப்பின் அறிவு முழுவதும் இவை ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் முறையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆற்றின் மேலே தொங்கும் ஆன்லான் பாலத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. பாலம் ஆடிக்கொண்டே இருந்ததால், நிற்பது எளிதாகவும் இல்லை.

நடுக்கரையின் முனைக்கு மீன்வாய் என்று பெயர். அது ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது: உள்ளாறு பாசனத்துக்கு, வெளியாறு வெள்ளத்தை வடிப்பதற்கு. உள்ளாற்றின் படுகை குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கிறது. வெளியாற்றின் படுகை அகலமாகவும் மேடாகவும் இருக்கிறது. நீர் குறைந்த காலத்தில் ஆழமான பக்கமே அதிக நீரை இழுப்பதால், ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு வயல்களுக்குப் போகிறது. வெள்ளம் வரும்போது அகலமான பக்கம் திறந்துகொள்ள, அந்த விகிதம் தானாகவே தலைகீழாக மாறிவிடுகிறது. மதகைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டியதில்லை. மேலும், ஆறு வளையும் இடத்தில் இந்தப் பிரிவு அமைந்திருப்பதால், மேற்பரப்பின் தெளிந்த நீர் உள்ளாற்றுக்கும், அடியில் உருண்டு வரும் கல்லிலும் மணலிலும் பெரும்பகுதி வெளியாற்றுக்கும் செல்கின்றன. அதையும் தாண்டி உள்ளே வரும் மணலை, பறக்கும் மணல் கலிங்கு என்று பெயரிட்ட தாழ்ந்த கலிங்கு, மிகையான நீரோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சிய நீர் குடவாய் என்னும் பிளவின் வழியே செங்டு சமவெளிக்குள் நுழைகிறது. சுமார் 20 மீட்டர் அகலமுள்ள அந்தப் பிளவு, வெடிமருந்து இல்லாத காலத்தில், பாறையைத் தீயிட்டுச் சூடாக்கி, பின் நீரூற்றி விரிசல் விடச் செய்து, ஆண்டுக்கணக்கில் வெட்டப்பட்டது என்கிறார்கள்.

இவ்வளவையும் விளக்கப் பலகைகளே சொல்லிவிடுகின்றன. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதைக் கட்டிய விதத்தைவிடக் காப்பாற்றிய விதம்தான். பழைய கரைகள் கருங்கல்லால் எழுப்பப்பட்டவை அல்ல. மூங்கில் பின்னி, நீண்ட குழாய் போன்ற கூடைகளாக்கி, அவற்றுள் கூழாங்கற்களை நிரப்பி அடுக்கினார்கள். மூங்கில் சில ஆண்டுகளில் மக்கிவிடும். எனவே மீண்டும் மீண்டும் புதுப்பித்தே தீர வேண்டும். குளிர்காலத்தில் மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலிகளை வரிசையாக ஆற்றில் நிறுத்தி, பாயும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஆற்றின் ஒரு பகுதியை வறளச் செய்து தூர் வாருவார்கள். எவ்வளவு ஆழம் வாருவது என்பதில் சண்டை வராமலிருக்கப் படுகையின் அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்தார்கள். மண்வெட்டி அந்த இரும்பில் படும் வரை வார வேண்டும். நம் குடிமராமத்தைப் போல இதுவும் ஊர் கூடிச் செய்த வேலைதான், ஆனால் அதன் பின்னால் ஓர் அரசு எந்திரமும் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது. வேலை முடிந்ததும், ஏப்ரல் தொடக்கத்தில் முன்னோரை வழிபடும் சிங்மிங் திருநாளையொட்டி முக்காலிகளின் கயிற்றை வெட்டித் தண்ணீர் விடும் சடங்கு நடக்கும். இன்று அது பெரும்பாலும் சுற்றுலாக் காட்சியாகிவிட்டது. லி பிங்கும் அவர் மகன் என்று சொல்லப்படுபவரும் தெய்வங்களாக வீற்றிருக்கும் இரு அரசர் கோவிலில், ‘வண்டலை ஆழமாக வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு’ என்ற பொருளுள்ள ஆறெழுத்து வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பொறியியல் கையேட்டின் வரி கோவில் சுவரில் மந்திரத்தின் இடத்தைப் பிடித்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1974-இல் ஆற்றுப் படுகையிலிருந்து கிடைத்த லி பிங்கின் கற்சிலை இங்குள்ள மற்றொரு கோவிலில் நிற்கிறது. கிபி 168-இல் செதுக்கப்பட்டது என்று அதன் உடலிலேயே எழுதியிருக்கிறது. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். முகத்தில் தெய்வக்களை ஏதுமில்லை, கைகளை மார்பருகே கோத்துக்கொண்டு நிற்கும் ஓர் அலுவலரின் தோற்றந்தான்.

மீன்வாய் இன்று காரையாலும் கல்லாலும் ஆனது, வெளியாற்றின் தலைப்பில் 1974 முதல் மதகுகள் உண்டு, சில கிலோமீட்டர் மேலே 2006-இல் கட்டி முடிக்கப்பட்ட சிப்பிங்பூ என்னும் பேரணை ஆற்றின் போக்கையே கட்டுப்படுத்துகிறது. ஆகவே ‘2,200 ஆண்டுகளாக மாறாமல் இயங்குகிறது’ என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுவது பாதி உண்மையே. ஆனால் மாறாமல் இருந்திருந்தால் அது என்றோ தூர்ந்து போயிருக்கும் என்பதுதான் இந்த இடத்தின் செய்தி என்று நினைக்கிறேன். எல்லா மாற்றத்தையும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மீன்வாய்க்கு ஒன்றேகால் கிலோமீட்டர் மேலே யாங்லியூஹு என்ற அணையைக் கட்டும் திட்டம் வந்தபோது, செய்தித்தாள்களும் அறிஞர்களும் பொதுமக்களும் எதிர்த்ததால் 2003-இல் மாகாண அரசு அதைக் கைவிட்டது. சீனாவில் ஓர் அணைத் திட்டம் பொது எதிர்ப்பால் நிற்பது அன்றும் இன்றும் அரிது. ஐந்தாண்டுகள் கழித்து, 2008 மே 12 அன்று, ஏறத்தாழ எழுபதாயிரம் உயிர்களைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் டுஜியாங்யான் நகரம் நொறுங்கியது, இரு அரசர் கோவில் கடுமையாகச் சிதைந்தது. மீன்வாயில் விரிசல்கள் மட்டுமே விழுந்தன. இன்று நாம் பார்க்கும் கோவில் மண்டபங்களில் பல அதன்பின் மீட்டெடுக்கப்பட்டவை.

குடவாயைக் கடந்த நீரைத் தொடர்ந்தால் செங்டு. ஆறரை லட்சம் ஹெக்டேருக்கும் மேலான ஆயக்கட்டின் நடுவே அமர்ந்திருக்கும் இந்த நகரம் அவசரமற்றது என்று சீனர்களே கேலி செய்கிறார்கள். வறட்சியும் வெள்ளமும் அறியாத சமவெளியில் பிறந்தவர்களுக்கு அவசரம் எதற்கு என்பது அவர்கள் தரும் விளக்கம். இது முழு உண்மையாக இருக்க முடியாது. ஆனாலும் மக்கள் பூங்காவில் 1923 முதல் நடந்துவரும் ஹெமிங் தேநீர்க்கூடத்தின் மூங்கில் நாற்காலியில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தபோது மறுத்துப் பேசவும் தோன்றவில்லை. மூடி, கிண்ணம், தட்டு என்ற மூன்றும் சேர்ந்த பாத்திரத்தில் மல்லிகைத் தேநீர் வருகிறது. காசு ஒருமுறைதான், வெந்நீர் எத்தனை முறை வேண்டுமானாலும். காது குடைபவர்கள் நீண்ட உலோகக் கம்பிகளைக் கிணுகிணுவென்று ஒலித்தபடி மேசைகளுக்கிடையே நடக்கிறார்கள். அதே பூங்காவின் மறுபுறத்தில் பெற்றோர்கள் தம் பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்து வரன் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விவரங்களின் வரிசை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. இவ்வளவு அமைதியான பூங்காவில் உயர்ந்து நிற்கும் தூண், 1911-இல் ரயில் பாதைகளை அரசு தன்வசப்படுத்தி அந்நியக் கடனுக்கு ஈடாக்க முனைந்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் இறந்தவர்களுக்கானது. சீனாவின் கடைசிப் பேரரசான சிங் ஆட்சியின் வீழ்ச்சியைத் துரிதப்படுத்திய கிளர்ச்சி அது.

நகருக்குள் ஓடும் ஆறுகள் தொழிற்சாலைக் கழிவால் நாறிய காலம் ஒன்று இருந்தது. அவற்றைச் சீர்செய்த திட்டத்தின் பகுதியாக 1998-இல் ஆற்றங்கரையில் ‘உயிர்நீர்ப் பூங்கா’ திறக்கப்பட்டது. ஆற்றுநீரை மேலேற்றி, கற்சிற்பங்களின் வழியாகவும் நாணலும் தாமரையும் வளரும் குளங்களின் வழியாகவும் இறக்கி, தெளிந்த பின் வெளியே விடுகிறார்கள். முழு ஆற்றையும் சுத்தம் செய்ய இது போதாது என்பது அமைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். நீர் எப்படித் தெளிகிறது என்பதை நகரத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்பதே நோக்கம். வழிகாட்டி நூல்கள் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பாண்டா காப்பகத்தில் வரிசையில் நின்ற நேரத்தில் பாதியை நான் இங்கே செலவிட்டிருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிச்சுவான் உணவில் மிளகாயின் காரத்தைவிட, நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஹுவாஜியாவ் மிளகுதான் புதியவர்களைத் திகைக்க வைக்கும். சைவ உணவுக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் மாபோ டோஃபு போன்ற பதார்த்தத்தில்கூடக் கொத்திறைச்சி சேர்ப்பது மரபு. செங்டுவின் வென்ஷு மடாலயத்து உணவகத்தில் கவலையின்றிச் சாப்பிடலாம். மற்றபடி, பணம் செலுத்துவதற்கான கைப்பேசிச் செயலியைப் புறப்படும் முன்பே வெளிநாட்டு அட்டையோடு இணைத்துக்கொள்வதும், ரயில் சீட்டுக்கு எப்போதும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பதும் போதும்.

செங்டுவிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் லேஷான். மின்ஜியாங், டாடு, சிங்யீ என்ற மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், செம்மணற்பாறை மலையைக் குடைந்து செய்த 71 மீட்டர் உயர மைத்ரேயர், அதாவது இனி வரப்போகும் புத்தர், அமர்ந்திருக்கிறார். கூடலின் சுழல்களில் படகுகள் கவிழ்ந்துகொண்டிருந்ததால், நீரை அமைதிப்படுத்த வேண்டி ஹைதோங் என்ற துறவி கிபி 713-இல் வேலையைத் தொடங்கினார். திரட்டிய நிதியில் பங்கு கேட்ட அதிகாரியிடம், கண்ணைத் தந்தாலும் புத்தரின் காசைத் தரமாட்டேன் என்று சொல்லித் தன் கண்ணையே தோண்டிக் கொடுத்தார் என்பது கதை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஆளுநர் வெய் காவ் காலத்தில், 803-இல் சிலை முடிந்தது. வெட்டிய பாறைத்துண்டுகள் ஆற்றில் விழுந்து நீரோட்டத்தை மாற்றியதால் சுழல் தணிந்தது என்றும் சொல்வார்கள். பக்தியின் பலனா, கல்லின் பலனா என்று பிரித்துப் பார்க்க ஊரார் யாரும் ஆர்வம் காட்டவில்லை.

செங்குத்தான படிக்கட்டில் நெரிசலோடு இறங்கினால், புத்தரின் பாதத்தருகே நின்று அவருடைய விரல் நகத்தைப் பார்க்கலாம். படகில் போனால் முழு உருவத்தையும் பார்க்கலாம். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் படகையே தேர்ந்தெடுங்கள். சிலை ஆற்றில் செல்பவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பது அங்கிருந்துதான் விளங்குகிறது. தலையிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்களின் வரிசைகளுக்கிடையிலும் காதுகளின் பின்னாலும் மழைநீர் வடியும் கால்கள் மறைவாக வெட்டப்பட்டிருக்கின்றன. இளகிய மணற்பாறை இத்தனை நூற்றாண்டுகள் தாங்கியதற்கு அவையும் ஒரு காரணம். 2020 ஆகஸ்டு வெள்ளத்தில், 1949-க்குப் பிறகு முதல்முறையாக நீர் புத்தரின் கால்விரல்களைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில், 2022-இன் கோடை வறட்சியில், வழக்கமாக நீருக்குள் இருக்கும் பீடம் முழுவதும் வெளியே தெரிந்தது.

யீபினில் இரண்டு ஆறுகளும் கலப்பதை ரயில் ஜன்னல் வழியாகத் தேடிப் பயனில்லை. சுரங்கப்பாதைகளும் பாலங்களும் மாறிமாறி வருவதில் எதுவும் நிலைப்பதில்லை. அடுத்த பெரிய கூடலான சோங்சிங்கில் அந்தக் குறை தீர்கிறது. சாவ்தியன்மென் படித்துறையில் நின்றால், வடக்கிலிருந்து வரும் ஜியாலிங் பச்சையாகவும் யாங்சி பழுப்பாகவும் சற்றுத் தூரம் ஒட்டாமல் ஓடுவதைத் தெளிந்த பருவங்களில் காணலாம். 1997-இல் சிச்சுவானிலிருந்து பிரிந்து மத்திய அரசின் நேரடி ஆட்சிக்கு வந்த சோங்சிங் மாநகராட்சியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ‘மூன்று கோடி மக்கள் வாழும் நகரம்’ என்று சமூக ஊடகங்களில் வரும் வியப்பு, மலைக் கிராமங்களையும் சேர்த்த கணக்கு.

அந்த ஊடகங்களால் புகழ்பெற்ற லிசிபா நிலையத்தில், குடியிருப்புக் கட்டடத்தின் வயிற்றுக்குள் ஒற்றைத் தண்டவாள ரயில் நுழைந்து வெளியேறுவதைப் படம் பிடிக்கக் கூட்டம் அலைமோதுகிறது. எனக்கு அதைவிட குய்சிங் மாடம் பிடித்தது. ஒரு சதுக்கத்திலிருந்து நேராக நடந்து கட்டடத்துக்குள் போய், மின்தூக்கியில் இருபத்திரண்டு தளங்கள் இறங்கினால், மீண்டும் தெருவில் நிற்கிறோம். இரண்டு ஆறுகள் அறுத்த மலைமுதுகில் இடமில்லாமல் மேலும் கீழுமாக வளர்ந்த ஊர் இது. துறையில் இறங்கும் சரக்கை மூங்கில் தடியில் கோத்து, படிகளில் சுமந்தேறிய ‘பாங்பாங்’ கூலித் தொழிலாளர்களை இன்று அபூர்வமாகவே பார்க்க முடிகிறது. காரக் குழம்பைக் கொதிக்க வைத்து, நடுவே கட்டம் பிரித்து, மலிவான இறைச்சித் துண்டுகளை வேகவைத்துண்ணும் சூட்டுச்சட்டி, ஆற்றோரத் தொழிலாளர்களின் உணவாகத் தொடங்கியது என்கிறார்கள். அதற்கு இன்று குளிரூட்டப்பட்ட கூடங்களில் வரிசை எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். 1987-இல் மக்கள் வேலைக்குப் போய்வர யாங்சியின் குறுக்கே அமைக்கப்பட்ட கம்பிவட ஊர்தியும் அப்படியே பயணிகள் காட்சிப்பொருளாகிவிட்டது.

சோங்சிங்கிலிருந்து கிழக்கே ஃபூலிங். காய்கறி ஊறுகாயான ஜாசாய்க்குப் பெயர்போன ஊர். நான் போனது யாங்சியின் அடியில் கிடக்கும் பைஹெலியாங், அதாவது வெண்கொக்கு மேடு, என்ற பாறைத்தொடருக்காக. ஆற்றுக்கு இணையாக 1,600 மீட்டர் நீளும் இந்தப் பாறை, ஆற்றில் நீர் மிகவும் வற்றும் குளிர்கால முடிவில் மட்டும் வெளியே தலைகாட்டும். தாங் வம்சக் காலத்தில் யாரோ ஒருவர் தாழ்நீரின் மட்டத்தைக் குறிக்க அதில் மீன் வடிவம் செதுக்கினார். பின் வந்தவர்கள், நீர் மீனுக்கு எத்தனை அடி கீழே நின்றது என்பதை ஆண்டு, மாதம், தம் பெயரோடு பொறித்தார்கள். கல்மீன் வெளிப்பட்டால் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. இவ்வாறு 763 முதல் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் எழுபத்திரண்டு தாழ்நீர் ஆண்டுகளின் கணக்கு அந்தக் கல்லில் சேர்ந்தது. வந்துபோன அதிகாரிகளும் கவிஞர்களும் எழுதியவை ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள். சிங் காலத்தில், 1685-இல், தேய்ந்த மீன்களுக்குப் பதிலாகப் புதிதாக இரட்டைக் கெண்டைகளைச் செதுக்கினார்கள். அவற்றின் கண்மட்டம் இக்கால நீர்மட்ட அளவுகோலின் சுழியத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

யாங்சியில் இன்னும் கீழே கட்டப்பட்ட முப்பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கம் இந்தப் பாறையை நிரந்தரமாக மூழ்கடித்தது. அணையால் இடம்பெயர்ந்த பதின்மூன்று லட்சம் மனிதர்களோடு ஒப்பிட்டால் ஒரு பாறை பெரிதல்ல என்று வாதிடலாம். அப்படி வாதிட்டு விட்டுவிடவும் இல்லை. கல்வெட்டுகளை அறுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவது, வண்டலுக்குள் புதையவிட்டு மாதிரி ஒன்றைக் கரையில் வைப்பது போன்ற யோசனைகள் பேசப்பட்டன. கடைசியில் பொறியாளர் கே சியூருன் சொன்ன வழியை ஏற்றார்கள். முக்கியமான கல்வெட்டுகளின் மேல் ஒரு கவிகையைக் கட்டி, உள்ளே வடிகட்டிய ஆற்றுநீரை நிரப்பினார்கள்; உள்ளும் புறமும் அழுத்தம் சமமாவதால் கவிகை நசுங்காது. 2009-இல் அது திறக்கப்பட்டது. நீண்ட நகரும் படிக்கட்டில் நீரின் அடியில் சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, வட்டச் சாளரங்களின் வழியே விளக்கொளியில் கல்மீன்களைப் பார்க்கிறோம். நீர் சற்றுக் கலங்கியிருந்ததால் எழுத்துகள் எனக்கு அரைகுறையாகவே தெரிந்தன. கரையில் வைத்திருக்கும், கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி எடுத்த மசிப்படிகளில் அவற்றை நன்றாகப் படிக்கலாம்.

பொறியியல் திறனாக இதைப் பாராட்டத் தடையில்லை, கல்வெட்டுகளை அறுத்தெடுக்காதது நல்ல முடிவு. ஆனால் நீரைப் பார்த்துக் கல்லில் குறிப்பெழுதிவந்தவர்களின் வரிசை அதோடு நின்றுவிட்டது. வெள்ளத்துக்கு இடம்விட்டு நீர்த்தேக்கத்தின் மட்டத்தைக் கோடையில் 145 மீட்டருக்குக் குறைக்கிறார்கள், குளிர்காலத்தில் 175 மீட்டருக்கு உயர்த்துகிறார்கள். எந்தப் பருவத்தில் ஆறு வற்றி மீன் மேலே வருமோ, அதே பருவத்தில்தான் இன்று அதன் தலைக்குமேல் அதிக நீர் நிற்கிறது. 2022 வறட்சியில் சோங்சிங் அருகே ஆற்றுப்பாறையில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுப் பழைய புத்தர் சிலைகள் வெளிப்பட்டு உலகச் செய்தியாயின. பைஹெலியாங்கின் கல்லில் அந்த ஆண்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.